திருப்பூருக்குக் கட்டுன பை

ஊறுகா பாட்டில எடுத்து மறுபடியும் கட்டில் மேல வச்சான் சோணை. காலையிலருந்து அந்தப் பாட்டிலு பைக்கும் கட்டிலுக்கும் டவுன்பஸ்ஸு மாதிரி போயிட்டு வந்துக்கிட்டிருக்கு. இவன் எடுப்பான், அவன் அம்மா பஞ்சவர்ணம் அடுப்படியிலருந்து ஈரக் கையோட வந்து உள்ள சொருகிட்டுப் போகும், திரும்ப இவன் எடுப்பான். கண்ணாடி பாட்டிலு. ஜெயிலு வாசல்லயே புடுங்கி வச்சிருவாய்ங்க. அத அம்மாட்டச் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சு இந்தப் பை போறது திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்கு, செக்கிங் செக்சனுக்கு. உண்மையில இது போறது திண்டுக்கல் தாண்டி ஏதோ ஒரு கோர்ட்டுக்கு. மத்தியானம் வண்டி வரும், ஏறுவான், ஜட்ஜய்யா முன்னாடி கையக் கட்டி நின்னு, மார்க்கெட்டு வண்டி ஸ்டாண்டு சீமைச்சாமிய வெட்டுனது நாந்தேங்கய்யான்னு சொல்லுவான், அங்கிட்டிருந்து நேரா ஜெயிலு. வெட்டுனது இவன் இல்ல. வெட்டுனது வாழைக்கா மண்டி தவமணி அண்ணனோட தங்கச்சி மகன். ஸ்டாண்டு காண்ட்ராக்டு யாருக்குன்னு தவமணி அண்ணனுக்கும் சீமைச்சாமிக்கும் வருசக்கணக்கா இருந்த கடுப்பு, அந்தப் பய அத ஒரு சாயங்காலத்துல முடிச்சு விட்டுட்டான். சோணை இன்னவரைக்கும் ஒரு கோழியக்கூட அறுத்ததில்ல. லேத்துல ஒரு பய விரலக் குடுத்துட்டு, அந்த விரலு அவன் ஷூ மேல வந்து விழுந்தத பாத்து மயங்கி விழுந்தவந்தேன் பாலிடெக்னிக்கயே விட்டான். வீட்டுல சொன்ன காரணம் வேற, வாத்தியாருக்கும் எனக்கும் கொள்கை முரண்பாடுன்னு சொன்னான். டொக். அடுப்படியில அம்மா கோழி வெட்டுது. கடைக்காரன் பெருசு பெருசா வெட்டிக் குடுத்துட்டானாம், சாரு எறங்காதாம், அதேன் புளியங்கட்டை மேல வச்சு மறுபடி பொடுசா வெட்டுது. டொக். ஒவ்வொரு டொக்குக்கும் சோணையோட தோள்பட்டை தானா ஒரு துள்ளு துள்ளுது, கரண்டு வச்ச மாதிரி. எலும்பு ரெண்டா போற சத்தம் ஒரு மாதிரி, எலும்புல கத்தி சிக்குற சத்தம் வேற மாதிரி. இந்த வித்தியாசமெல்லாம் போன வாரம் வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

பாடம் நடத்துனது காசிமாயன், தவமணி அண்ணனோட வலது கை. வாழைக்கா மண்டி கொடோனுக்குப் பின்னாடி ஒரு மொத்தமான வாழை மரத்தக் கொண்டாந்து செவுத்துல சாச்சு வச்சு, "இதேன் சீமைச்சாமி மாப்ள, வணக்கம் சொல்லிக்க" அப்படின்னான். போலீஸு நடிச்சுக் காட்டச் சொல்லுமாம், வாயி பொய் சொல்லும் கை பொய் சொல்லாதாம், அதுனால கைக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். "மொத வெட்டு பின்னாடியிருந்து, கழுத்துல. ஆளு திரும்புறான். கையத் தூக்குறான், அந்தக் கையில ஒண்ணு, விரலு போகுது. மல்லாக்க விழுகுறான். அப்பறம் வயித்துல." டீ மாஸ்டரு டிக்காசன் பக்குவம் சொல்ற மாதிரி சொன்னான். சோணை ஓங்குனான். மொதோ வெட்டு செவுத்துல பட்டு அருவாளு கையிலருந்து பறந்து போச்சு. காசிமாயன் சிரிக்கல. எடு, மறுபடி. சதக்குன்னு எறங்குச்சு ஒண்ணு. வாழைத்தண்டுக்குள்ள அம்புட்டு தண்ணி இருக்கும்னு யாருக்குத் தெரியும், முழங்கை வரைக்கும் வழிஞ்சு, சில்லுன்னு, சட்டைக்குள்ள ஓடுது. அருவா உள்ள மாட்டிக்கிச்சு, இழுத்தா வரல. "காலக் குடுத்து இழு" அப்படின்னான் காசிமாயன். மரத்து மேல கால வச்சு இழுத்தான் சோணை. காலு வச்ச எடம் வயிறு. அன்னைக்கி ராத்திரி கண்ண மூடுனா மரம் மீசையோட நிக்குது. மக்யாநா ராத்திரி அந்த மரம் கண்ணாடி போட்டிருக்கு, கயிறு கட்டிக் கழுத்துல தொங்குமே சீமைச்சாமிக்கு, அந்தக் கண்ணாடி. இப்ப இங்க, பட்டப்பகல்ல, கைலிய நாலா மடிச்சுப் பைக்குள்ள வைக்கிறப்ப, அவன் கையி வாழை மரத்த ஞாபகம் வச்சுக்கல, வேற எதையோ ஞாபகம் வச்சிருக்கு. மொத வெட்டு கழுத்து, திரும்புறாரு, கையத் தூக்குறாரு. அப்ப ஏதாச்சும் சொல்லியிருக்கணும்ல. மனுசன் ஊமையா. பின்னாடியிருந்து ஒருத்தன் போட்டா திரும்பிப் பாத்து ஒரு வார்த்தையாச்சும் வரும்ல. அந்த எடத்துல மட்டும் படம் ஊமைப் படமாயிருது. காசிமாயன்ட்டக் கேட்டான், "அவரு என்னண்ணே சொன்னாரு?" காசிமாயன் பீடியக் கீழ போட்டு மிதிச்சான். "வெட்டுறப்ப என்ன மாப்ள சொல்லுவான், வாழ்த்துப்பா பாடுவானா? போலீஸு அதெல்லாம் கேக்காது."

கைலி சரி. பைஜாமா வேணாம், நாடா இருக்கு, நாடா உள்ள விடமாட்டாய்ங்க, தூக்கு மாட்டிக்குவோமாம். பெல்ட்டு வேணாம். பல்பொடி பாக்கெட்டு சரி. ஷேவிங் செட்டு வேணாம். அம்மா வாங்கி வச்ச சில்வர் தட்டு, விளிம்பத் தொட்டுப் பாத்தான், கூரா இருக்கு, வேணாம். கம்பளி சரி. இந்த வெவரமெல்லாம் காசிமாயன் குடுத்தது, அந்தாளு போயிட்டு வந்தவன், மாமியா வீட்டப் பத்திச் சொல்ற மாதிரி பெருமையாச் சொன்னான். ஆனா உள்ளாற போறதுக்கு முன்னாடி நடக்குறத அந்தாளு சொல்லல, அது சோணைக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், பேப்பர்ல படம் போடுவாய்ங்கல்ல, கையில மாவுக்கட்டு போட்டு வரிசையா நிக்கிற பயலுக, ஸ்டேசன் பாத்ரூமுல வழுக்கி விழுந்துட்டாய்ங்களாம், எல்லாப் பயலும் கரெக்டா ஒரே கையில விழுவாய்ங்க. டீக்கடையில அந்தப் படத்த வச்சு சோணை எம்புட்டு லந்தக் குடுத்திருக்கான், அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்ட கொத்தனாரத்தேன் மொதல்ல உள்ள போடணும்னு. கடையே சிரிச்சுச்சு. இப்ப அந்த டைல்ஸு இவன் காலுக்கடியில இருக்கு. கைய நீட்டி பெஞ்சு மேல வைக்கச் சொல்லுவாய்ங்களா, செவுத்துல சாத்தச் சொல்லுவாய்ங்களா. ரெண்டு முட்டுக் குடுத்து நடுவுல போடுவாய்ங்கன்னு ஒரு பய சொன்னான். வலது கைய எடது கையால புடிச்சுப் பாத்தான். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவுல எலும்பு ரெண்டு ஓடுது, அமுக்குனா ஒண்ணு மேல ஒண்ணு உருளுது. டொக். அம்மா கோழியோட றெக்கைய வெட்டுது. றெக்கையிலயும் ரெண்டு எலும்புதேன். அதுக்குத்தேன் கோர்ட்டுல சரண்டராகுறது, போலீஸு கையில நேரா சிக்கக்கூடாதுன்னு, தவமணி அண்ணே சொல்லிருச்சு. அண்ணே சொன்னா சரியா இருக்கும். அண்ணே எதச் சொல்லல, சொல்லாதது எம்புட்டு, அதக் கணக்குப் பண்ண ஆரம்பிச்சா கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கு, காலையிலருந்து நாலஞ்சு வாட்டி போயிட்டு வந்தாச்சு, அம்மா "என்னய்யா, போறதுக்கு முன்னாடியே திருப்பூரு தண்ணி சேரலையா"ன்னு கேட்டுச்சு.

எல்லாம் இந்த வாயாலதேன். கொடோனுக்குள்ள அன்னைக்கி எல்லாப் பயலும் தலையத் தொங்கப் போட்டு ஒக்காந்திருந்தாய்ங்க, தவமணி அண்ணே குறுக்க நெடுக்க நடந்துக்கிட்டிருந்துச்சு, "யாராச்சும் ஒருத்தன் போகணும்டா, எந்தங்கச்சி மகன் சின்னப் பய, கல்யாணம் பேசி வச்சிருக்கு"ன்னுச்சு. ஒரு பயலும் நிமிரல. சோணைக்கு அமைதி ஆகாது. சின்னதுலருந்தே அப்படித்தேன், எழவு வீட்டுல அமைதியா இருந்தாக்கூட நாக்கு ஊறும், செரங்கு மாதிரி. "நான் போறேண்ணே. உள்ள வாரா வாரம் கறி போடுறாய்ங்களாம், எங்கம்மா வைக்கிற சாம்பாருக்கு அது தேவலாம்." சொல்லிட்டு சுத்தியும் பாத்தான், யாரு மொதல்ல சிரிக்கிறாய்ங்கன்னு. ஒரு பயலும் சிரிக்கல. அதுதேன் தப்பாப் போச்சு. ஒருத்தன் சிரிச்சிருந்தாக்கூட அது ஜோக்காப் போயிருக்கும். தவமணி அண்ணே நின்னு, திரும்பி, இவன மொத தடவையா ஒரு ஆளப் பாக்குற மாதிரி பாத்துச்சு. வந்து தோள் மேல கையப் போட்டுச்சு. "இம்புட்டு பேர்ல இவன் ஒருத்தன்டா ஆம்பளை." அந்தக் கையோட கனம் இன்னமும் தோள்ல இருக்கு. அத எறக்கி வைக்க அப்பவும் மனசு வரல, அதையும் ஒத்துக்கணும். ஸ்கூல்ல கடைசி பெஞ்சு, பாலிடெக்னிக்குல கடைசி பெஞ்சு, இப்ப கேஸுல ஏ-ஒன், மொதோ குற்றவாளி, வாழ்க்கையில மொத தடவையா ஃபர்ஸ்ட்டு. வெளிய வந்தா டீக்கடையில எவனும் "சோணை, ஜோக்கு ஒண்ணு எடுத்து விடுறா"ன்னு சொல்ல மாட்டான், எந்திரிச்சு எடம் விடுவான். ஆசையா இருந்துச்சு. அன்னைக்கி வண்டியில கொண்டாந்து வீட்டுல விடுறப்ப, இல்லண்ணே நான் சும்மா சொன்னேன்னு சொல்ல வாயெடுத்தான், அதுக்குள்ள காசிமாயன் முன்னாடி பாத்தபடியே கேட்டான், "உங்கம்மா கல்யாண மண்டபத்துல ஏனம் வெளக்கிட்டு வர்றப்ப தனியாத்தான மாப்ள நடந்து வருது?" அம்புட்டுத்தேன். நல்லா விசாரிக்கிற மாதிரித்தேன் கேட்டான். சோணை வாய மூடிக்கிட்டான். பொறந்ததுலருந்து வாய மூடுனது அந்த ஒரு தடவதேன்.

ஒண்ணு எடுத்து விடுறா. அதச் சொல்றது சீமைச்சாமிதேன். சித்தப்புன்னுதேன் கூப்புடுவான் சோணை, சொந்தமெல்லாம் ஒண்ணுமில்ல, அந்தாளு மூஞ்சி அப்படி. டோக்கன் கிழிச்ச கையோட டீக்கடைக்கு வருவாரு, "டேய் சோணை, காலையிலருந்து ஒரு பயலும் சிரிக்க வைக்கல, ஒண்ணு எடுத்து விடுறா." இவன் எடுத்து விடுவான். அந்தாளு சிரிக்கிறது ஒரு கூத்து. மொதல்ல வயித்தப் புடிப்பாரு ரெண்டு கையாலயும், வயிறு கீழ விழுந்துரும்ங்கிற மாதிரி, அப்பறம் கண்ணுல தண்ணி, அப்பறம் இருமல், மூச்சு முட்டி, கழுத்து நரம்பெல்லாம் பொடச்சு, ஒரு கையத் தூக்கி ஆட்டி ஆட்டி, போதும்டா போதும்டா, தண்ணி, தண்ணி குடுறா. இவந்தேன் ஓடிப்போய் சொம்புல மோந்து குடுப்பான். குடிச்சுட்டு இவன் தலையில ஒரு தட்டு. கழுத்து. தூக்குன கை. ரெண்டு கையாலயும் புடிச்ச வயிறு. டொக். காசிமாயன் சொன்ன அதே எடமெல்லாம். சிரிச்ச மாதிரியேதேன் செத்திருக்காரு அந்தாளு. சோணைக்குக் கட்டில் கம்பியப் புடிக்க வேண்டியதாப் போச்சு. வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தா வெட்டு கையிலதான விழுந்திருக்கும், அதேன் விரலு, விரலு அங்கதேன் போயிருக்கு, ஷூ மேல வந்து விழுந்த விரலு, டோக்கன் கிழிக்கிற விரலு, டோக்கன் மை ஒட்டுன விரலு. கால வச்சு இழுத்தான் சோணை. இல்ல, நான் மரத்த. மரத்தத்தேன். அருவா வெளிய வர்றப்ப ஒரு சத்தம் வந்துச்சே, ஈரத்துல, முத்தம் குடுக்குற மாதிரி, அது மரம். சட்டைக்குள்ள சில்லுன்னு ஓடுனது வாழைத்தண்ணி. சில்லுன்னுதான இருந்துச்சு. சூடாவா இருந்துச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா சூடாத்தேன் தெரியுது.

சட்டை. சட்டைய எடுக்கணும். வண்டி வர்றதுக்குள்ள சட்டைய எடுத்துப் பையில வைக்கணும். சோணையோட ஊதாக் கட்டம் போட்ட சட்டைய, போன தீவாளிக்கு அம்மா எடுத்தது, அத காசிமாயன் வாங்கிட்டுப் போயி கறிக்கடையில ஆட்டு ரத்தம் ஊத்திக் கொண்டாந்து குடுத்தான், வெட்டுனப்ப போட்டிருந்த சட்டை இதேன்னு ஒப்படைக்கணும். ஆட்டு ரத்தம்னு கண்டுபுடிச்சிர மாட்டாய்ங்களாண்ணேன்னு கேட்டதுக்கு, ஆடு வந்து சாட்சி சொல்லுமா மாப்ளன்னான், அந்தாளுக்கும் ஜோக்கு வருது. லாஃப்ட்டுல பழைய மிக்சி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான். கட்டில் மேல ஏறி டப்பாவ இழுத்தான். லேசா வந்துச்சு. தெறந்தான். மிக்சியோட மூடி ஒண்ணு, ஒரு பல்லி முட்ட. சட்ட இல்ல. கவரும் இல்ல. எவன் எடுத்தான். எலியா. எலி கவரோடவா கொண்டு போகும். போலீஸு வந்துருச்சா, காசிமாயன் ஆளு வந்தானா, நேத்து கரண்டு ரீடிங் எடுக்க ஒருத்தன் வந்தானே. டப்பாவக் கவுத்தான், லாஃப்ட்டு பூராம் கையவிட்டுத் தொழாவுனான், தூசி கண்ணுல விழுந்துச்சு, கீழ குதிச்சான், பைய அப்படியே கட்டில் மேல கொட்டுனான், கைலி, கம்பளி, துண்டு, பல்பொடி, முறுக்குப் பொட்டணம். அடியில, பையோட அட்டைக்கும் கீழ, துணி ஒண்ணு. ஊதாக் கட்டம். தொவச்சிருக்கு. தொவச்சு, கஞ்சி போட்டு, தேச்சு, காலரு மடியாம மடிச்சு வச்சிருக்கு. மூந்து பாத்தான், சோப்பு வாசம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சான், வயித்துக்கிட்ட மட்டும் டீக்கறை மாதிரி ஒரு மங்கலு, அந்த எடத்துல நூலு தேஞ்சு போயிருக்கு. அண்டா தேச்சுப் பழகுன கை. ஆட்டு ரத்தத்த மனுச ரத்தம்னு நெனச்சு அந்தக் கை தேச்சிருக்கு.

அடுப்படியில டொக்கு நின்னு போயிருந்துச்சு. அது எப்ப நின்னுச்சுன்னு அவனுக்குத் தெரியல. திரும்புனா பஞ்சவர்ணம் நெலையில நிக்கிது, கையில கோழி ரத்தம், முந்தானையில தொடைக்காம அப்படியே முன்னாடி நீட்டிக்கிட்டு.

"பூராம் போகலய்யா," அப்படின்னுச்சு. "பச்சத்தண்ணியில ஊற வச்சிருந்தா போயிருக்கும். காஞ்சு போயி வந்துச்சா, புடிச்சுக்கிச்சு. திருப்பூரு போனதும் மொத வேலையா கொளுத்திப் போட்டுரு."

சோணை சிரிக்கப் பாத்தான். ஒதடு ஒரு பக்கமா மட்டும் போச்சு. அம்மா, அது ஆடும்மா. வாய் வரைக்கும் வந்துச்சு. ஆடும்மா, காசிமாயன் ஊத்துனது, எனக்கு விரலப் பாத்தாலே மயக்கம் வரும் ஒனக்குத் தெரியாதா. சொன்னா என்ன ஆகும். சொன்னா அம்மா தெருவுல எறங்கும், முடிய விரிச்சுப் போட்டு தவமணி வீட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்தும், எம்புள்ளைய எவன்டா அனுப்புறதுன்னு மார்க்கெட்டே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தும். அப்பறம் ஒரு ராத்திரி மண்டபத்துலருந்து தனியா நடந்து வரும். தனியாத்தான மாப்ள. கழுத்து. கையத் தூக்கும், இப்ப தூக்கியிருக்கே அதே மாதிரி, ரத்தத்தோட. சோணை சட்டைய மடிச்சான். மடிப்பு சரியா வரல, பிரிச்சு மறுபடி மடிச்சான்.

"எப்பம்மா பாத்த?"

"முந்தாநா. மிக்சி ஜாரு தேடுனேன்." கிட்ட வந்து கட்டில் ஓரத்துல ஒக்காந்துச்சு. "தீவாளிக்கு வராத. பொங்கலுக்கும் வராத. போன் கீன் அடிக்காத. யாரு கேட்டாலும் எம்புள்ள எங்கிட்ட சொல்லாமப் போயிட்டான்னு சொல்லிக்கிறேன். ஊறுகாய எடுத்து எடுத்து வைக்கிறியே, வெளிய கடைக்குக் கிடைக்குன்னு போகாம, ரூமுக்குள்ளயே சோத்தப் பொங்கித் தொட்டுக்கத்தான்டா குடுக்குறேன்."

ஒளியப் போறான்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நாளைக்கிப் பேப்பரப் பாத்தா தெரிஞ்சுக்கிரும், போட்டோவோட. நல்ல போட்டோவா போடணும். அப்படி ஒரு நெனப்பு குறுக்க ஓடுச்சு, சனியன், இப்பவும் ஓடுது. அம்மா அவன் மூஞ்சியப் பாக்கல. அவன் கையப் பாத்துக்கிட்டிருந்துச்சு, வலது கைய.

"எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டு என்னாகப் போகுது." தெருவுல எவனோ வண்டிய ஸ்டார்ட் பண்ண ஒதச்சுக்கிட்டே இருந்தான். "எழவுக்குத் துட்டி கேக்கப் போனேன்ல, சீமைச்சாமி வீட்டுக்கு. நெஞ்சு நெஞ்சா அடிச்சுக்கிட்டு அவரு பொண்டாட்டி, அந்தப் பொம்பள ஒண்ணே ஒண்ணத்தேன் கேட்டுச்சு. வெட்டுனதக்கூட கேக்கல. அவருக்கு அடிக்கடி தொண்ட அடைக்குமே, தண்ணி கேட்டிருப்பாரே, எந்தப் பாவியாச்சும் ஒரு வா தண்ணி ஊத்துனானா, நாக்கு வறண்டு போச்சோ என்னமோன்னு. என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு கேக்குதுடா. எங்கிட்ட கேக்குது." ரத்தக் கைய மடியில போட்டுக்கிச்சு. "கேட்டாரா தம்பி?"

சோணைக்கு மொத தடவையா வாயில ஒரு ஜோக்கும் வரல. தேடுனான், இல்ல. நாக்குல ஊறல் இல்ல, செரங்கு இல்ல, கொடோன் மாதிரி வெறிச்சுன்னு கெடந்துச்சு உள்ள. அந்த ஊமைப் படம் மட்டும் ஓடுது. மொத வெட்டு கழுத்து. திரும்புறாரு. கையத் தூக்குறாரு. மல்லாக்க விழுந்து வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கண்ணாடி ஒரு பக்கம் ஒடஞ்சு தொங்க, இவனப் பாக்குறாரு. இவனத்தேன் பாக்குறாரு. வாயத் தெறக்குறாரு. போதும்டா. போதும்டா சோணை. இப்ப சத்தம் வந்துருச்சு.

"கேட்டாரும்மா."

பஞ்சவர்ணம் மூச்ச இழுத்தது அப்படியே நின்னுச்சு.

"நாந்தேன் குடுத்தேன். சொம்புல." கொரலு அவன் கொரலாவே இல்ல, ஆனா ஒரு எடத்துல கூட தட்டல. "தலையத் தூக்கிப் புடிச்சுக் குடுத்தேன். பூராம் குடிச்சாரு."

அம்மா கண்ண மூடுச்சு. மூடுன கண்ணுலருந்து தண்ணி எறங்குச்சு, அதத் தொடைக்கக் கையக் கொண்டு போயி, ரத்தத்தப் பாத்து, பாதியில நிறுத்திருச்சு. "எப்பிடியாச்சும் அந்தப் பொம்பள காதுல போட்டுர்றேன்"னு எந்திரிச்சு அடுப்படிக்குப் போச்சு. சோணை வலது கைய விரிச்சுப் பாத்தான். சொம்போட கனம் இருந்துச்சு அதுல. அருவாவோட கனமும் இருந்துச்சு. ஜட்ஜய்யாட்ட சொல்ல வேண்டியத ஒரு வாட்டி மனசுக்குள்ள சொல்லிப் பாத்தான், போன வாரம் பூராம் திக்குன அந்த எடத்துல திக்கல. சட்டைய அட்டைக்கடியில வச்சான், கைலி, கம்பளி, துண்டு, முறுக்கு. அடுப்படியில மறுபடி டொக்குன்னுச்சு. தோளு துள்ளல.

வாசல்ல காரு வந்து நின்னு ஹாரன் அடிச்சுச்சு. ஊறுகா பாட்டில அவனே எடுத்து, ஒடையாம துண்டுல சுத்தி, பைக்கு நடுவுல வச்சு ஜிப்ப இழுத்தான்.